நில எடுப்பு நோட்டீஸா? முதலில் சட்டத்தின் பெயரைப் பாருங்கள்

நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் கேட்பது "சார், எவ்வளவு தேறும்?" என்றுதான். நான் முதலில் தேடுவது, எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்பதை.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே ஊரில் ஒருவரின் மாந்தோப்பு தேசிய நெடுஞ்சாலைக்குப் போகும். அதற்கு நாடாளுமன்றம் 1956-இல் இயற்றிய சட்டம். பக்கத்துக் கொல்லை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனால் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியலில் உள்ளது. நில எடுப்போ பொதுப் பட்டியலில் இருப்பதால் இரு தரப்பும் சட்டம் போடலாம். முரண்பட்டால் ஒன்றியச் சட்டம்தான் நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் தப்பும். சிப்காட் வழக்குகளில், அந்த 1997 சட்டம் செல்லாது என்ற 2019 உயர் நீதிமன்றத் தீர்ப்பை இன்னமும் சிலர் எடுத்து வருகிறார்கள். அதற்குப் பிறகு 1997 சட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்து வந்த புதிய மாநிலச் சட்டத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுவிட்டது. அந்த வழி அடைபட்டாச்சு.

அரூர், ஊத்தங்கரை வழியாகத் திட்டமிட்ட எட்டுவழிச் சாலை வழக்கிலும், சாலையே இல்லாத இடத்தில் புதிதாகத் தேசிய நெடுஞ்சாலை அறிவிக்க ஒன்றியத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 டிசம்பரில் தீர்ப்பானது.

சரி, டெல்லியில் போட்ட சட்டத்தை அசைக்கவே முடியாதா? முடியும். 1997-இல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3-ஜே என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்; பொதுவான நில எடுப்புச் சட்டம் நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது என்றது அது. அப்போது பள்ளிக்கூடத்துக்கு நிலம் எடுத்தால் சந்தை மதிப்புக்கு மேல் 30 சதவீதம் சொலேஷியம் (கட்டாயமாக எடுப்பதற்கான கூடுதல் தொகை), வட்டி எல்லாம் இருந்தது. அதே நிலம் நெடுஞ்சாலைக்குப் போனால் இரண்டும் கிடைக்கவில்லை. யாருக்காக எடுத்தாலும் விவசாயிக்குப் போவது நிலம்தானே? தர்செம் சிங் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், இது அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்று அந்த மறுப்பைச் செல்லாததாக்கியது. சட்டம் போட அதிகாரம் இருந்தது. அடிப்படை உரிமையை மீற அதிகாரம் இல்லை. 2015 முதல் நெடுஞ்சாலைக்கும் 2013 நில எடுப்புச் சட்டத்தின்படி 100 சதவீத சொலேஷியம் உண்டு.

சொத்துரிமை 1978 அரசியல் சாசனத் திருத்தத்தாலேயே அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. அதனால் "என் நிலம், தரமாட்டேன்" என்பதைவிட "அவருக்கு ஒரு விதி, எனக்கு ஒரு விதியா?" என்ற வாதத்துக்கே கோர்ட்டில் வலு அதிகம்.

நெடுஞ்சாலை என்றால் ஆட்சேபணைக்கு 21 நாள்தான். அறிவிக்கை வெளியான தேதியிலிருந்து எண்ணுவார்கள், தபால் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. விவரம் தமிழ்ப் பத்திரிகையிலும் வரும்; அந்தப் பக்கத்தையும் பட்டா நகலையும் எடுத்து வாருங்கள். தொகை குறைவு என்ற சண்டையை இதில் கலக்க வேண்டாம். அதற்கு அப்புறம் ஆர்பிட்ரேட்டர் (தொகைத் தகராறைத் தீர்க்கும் நடுவர்) இருக்கிறார்.