ஃபார்மட் கேட்டால் கேன்சல் கொடுங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது கேஸ். உசிலம்பட்டிப் பக்கம் விசேஷ வீடுகளில் கம்ப்யூட்டர் மொய் எழுதும் தம்பி ஒருவர், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு, டிஸ்க்கில் போன ஃபைல்களை மீட்டுக் கொடுக்கும் என் கடைக்கு வந்தார். காதுகுத்து, கல்யாணம், பால் காய்ச்சு என்று 6 வருஷ மொய்க் கணக்கு அதில் இருக்கிறது.

"அண்ணே, சொருகுனா ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. பண்ணிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் வந்துரும்னாங்க. பண்ணிட்டேன்."

வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாவிட்டால் பேச்சுவார்த்தையே அறுந்துபோகும் ஊர் இது. அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விண்டோஸ் அப்படிக் கேட்டால், டிஸ்க்கில் உள்ள ஃபைல் சிஸ்டத்தை, அதாவது ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் முறையை, அதால் படிக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமே கிடையாது. மேக்கில் ஏபிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த புத்தம்புது டிரைவைக்கூட விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கேள்விக்கு 'எஸ்' கொடுப்பது வைத்தியம் இல்லை. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

"ஃபார்மட் பண்ணினாலும் எடுத்துரலாம்ல?" என்று கேட்பவர்களுக்கு மொய் நோட்டை வைத்தே சொல்கிறேன். எந்த ஊர்க்காரர் எந்தப் பக்கம் என்று காட்டும் முதல் தாளைக் கிழிப்பதுதான் குயிக் ஃபார்மட். எழுதியது உள்ளேதான் இருக்கும், பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடலாம். 'குயிக்' என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் கொடுத்தால் கதையே வேறு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யமாக எழுதிவிடுகிறது. பிறகு என்னிடம் வந்தாலும் சென்னைக்குக் கொண்டுபோனாலும் ஒன்றும் கிடைக்காது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைத் தானே காலி செய்யும் ட்ரிம் வேலை செய்யும் பட்சத்தில், குயிக் ஃபார்மட்டே போதும், எல்லாம் போய்விடும்.

தம்பி கொடுத்தது குயிக் ஃபார்மட்தான். ஆனால் "எடுத்த ஃபைலை எங்கப்பா சேவ் பண்ணுன?" என்று கேட்டதற்கு, "அதே டிஸ்க்குலதாண்ணே" என்றார். பழைய கணக்கின் மேலேயே புதுக் கணக்கை எழுதியாயிற்று. அடியில் இருந்ததை எப்படி எடுப்பது?

விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் என்ற புரோகிராமை ஓட்டச் சொல்லும் வீடியோக்களும் இதே ரகம். அது ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்கத்தான் பார்க்கும், உங்கள் ஃபைலைக் காப்பாற்ற அல்ல. நாங்கள் முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் சாஃப்ட்வேரைப் போட்டு இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுப்போம். எது செய்தாலும் நகலில்தான், அசலைத் தொடுவதில்லை.

டிரைவ் தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கம் சொருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 தர வேண்டியது 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நாலைந்து சாமானோடு சேர்த்துச் சொருகினால் டிரைவுக்கு எங்கே மின்சாரம் போதும்? பெரிய 3.5 அங்குல டிரைவ் என்றால் அதன் 12 வோல்ட் அடாப்டரைப் பாருங்கள். இன்னொரு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். அளவும் ஃபைல் சிஸ்டமும் சரியாகக் காட்டி, டிரைவ் எழுத்து (D, E மாதிரி) மட்டும் இல்லையென்றால் ஒரு எழுத்தைக் கொடுங்கள், வேலை முடிந்தது. 'ரா' (RAW) என்று காட்டினால், ஃபைல் சிஸ்டம் அதற்குப் புரியவில்லை என்று அர்த்தம், கையை எடுத்துவிடுங்கள். புது டிஸ்க் போலத் தயார் செய்யும் 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்டாலும் கேன்சல்தான்.

காதை வைத்துக் கேளுங்கள். டக், டக், டக் என்று ஒரே சீராகத் தட்டினால் உடனே கழற்றுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையே வேண்டாம். டிரைவுக்குள் சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். வீட்டில் ஸ்க்ரூவைக் கழற்றித் திறப்பவர்களையும், ஃப்ரீசரில் வைத்து ஈரம் கோக்க விடுபவர்களையும் என்ன சொல்வது!

தம்பியின் கேபிளையும் வாங்கிப் பார்த்தேன். சொருகி விரலால் லேசாக அசைத்தால் டிரைவ் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மொய் எழுதும் நெரிசலில் யாரோ மேசையை இடிக்க, சேவ் ஆகும்போதே தொடர்பு விட்டிருக்கும். அன்றைக்கே ஃபார்மட் கொடுக்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் முழுசாக எடுத்திருக்கலாம்.

டிரைவோடு கேபிளையும் கொண்டு வாருங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று புரியும்.

4 வருஷக் கணக்கு கிடைத்துவிட்டது. மீதி 2 வருஷத்துக்கு, விசேஷ வீட்டுக்காரர்களிடம் கொடுத்த பிரிண்ட்டை ஊர் ஊராகப் போய் வாங்கி, தம்பி இப்போது உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்.