38 விழுக்காடு என்றால் திருட்டா?

போன மாதம் ஒரு மாணவி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அறைக்கு வந்தார். கையில் டர்னிடின் அறிக்கை. எழுதியது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சோதிக்கும் மென்பொருள் அது. முதல் பக்கத்தில் 38 விழுக்காடு. "நான் யாருடையதையும் எடுக்கல டீச்சர்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. 30-ஐத் தாண்டினால் ஆய்வேட்டை வாங்க மாட்டோம் என்று துறையில் சொல்லிவிட்டார்களாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆய்வேடுகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் தொழில். விழுக்காட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, இருவரும் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். துணைநூல் பட்டியல் முழுவதும் வண்ணம் பூசியிருந்தது. நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சொந்த நடையில் மாற்றியா எழுத முடியும்? அப்புறம் பின்னிணைப்பில் இருந்த வினாநிரல். அது வேறோர் ஆய்வாளர் உருவாக்கியது. அனுமதி வாங்கி, பெயர் குறிப்பிட்டுத்தான் பயன்படுத்தியிருந்தார். மீதியில் பெரும்பங்கு, 'மாணவர் கட்டுரை' என்று காட்டிய ஒரே மூலத்தில் இருந்து வந்தது. அந்த மாணவர் வேறு யாருமில்லை, இவரேதான். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாம் இயலின் வரைவைத் தோழி ஒருவரின் டர்னிடின் வகுப்பில் ஏற்றியிருக்கிறார். டர்னிடின் அதைத் தன் களஞ்சியத்தில் சேமித்துக்கொண்டது. பிறகு வந்த ஆய்வேட்டை அதே வரைவோடு ஒப்பிட்டு, பொருந்துகிறது என்று சொல்லிவிட்டது.

டர்னிடின் பார்ப்பது சொற்கள் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும்தான். இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், முன்பு ஏற்றிய மாணவர் கட்டுரைகள் ஆகியவற்றோடு ஒப்பிடும். 24 விழுக்காடு வரை பச்சை, 25 முதல் மஞ்சள், 50 முதல் ஆரஞ்சு, 75 முதல் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எது திருட்டு என்று முடிவு செய்ய வேண்டியவர் படிக்கும் ஆசிரியர்தான் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. துணைநூல் பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதியும் அதில் உண்டு. மேற்பார்வையாளர் அவற்றை நீக்கி, பழைய வரைவையும் ஒதுக்கிப் பார்த்தபோது அந்த மாணவிக்கு வந்தது 9.

அதே வாரத்தில் இன்னொருவர் 4 விழுக்காட்டோடு வந்தார். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வேடு, படிக்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாக்கியத்தின் நடுவே 'மனாகாலா' என்ற மலாய்ச் சொல் அப்படியே கிடந்தது. இரண்டு பக்கம் தள்ளி, "கிளந்தானில் உள்ள இப்பள்ளிகள்" என்று ஒரு வரி. அவர் ஆய்வு செய்ததோ கிள்ளான் தமிழ்ப்பள்ளிகளை! கேட்டதும் மறைக்கவில்லை. ஒரு மலாய் ஆய்வேட்டின் இயலை முழுதாக மொழிபெயர்த்திருக்கிறார். "மொழிபெயர்த்தது என் உழைப்புதானே டீச்சர்?" என்றார். அவர் ஏமாற்றுவதற்காக அதைக் கேட்கவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார். சொற்கள் அவருடையவைதான், சரி. ஆனால் எதை முதலில் சொல்வது, யாரை மேற்கோள் காட்டுவது, எங்கே மறுப்பது என்ற யோசனை முழுவதும் இன்னொருவருடையது. அவர் பெயர் எங்குமே இல்லை. எனக்கு அந்த 38-ஐ விட இந்த 4 தான் அதிகக் கவலை தந்தது.

இப்போது இதைவிடப் பெரிய பயம், 'ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதியது' என்ற முத்திரை. டர்னிடினில் இந்த வசதி 2023 ஏப்ரலில் வந்தது. இதற்கு ஒப்பிட்டுக் காட்ட மூலம் எதுவும் கிடையாது. நடையை வைத்துப் போடும் ஊகம்தான். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டறியும் தன் கருவி துல்லியமாக இல்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை அந்த ஆண்டு 7 கருவிகளில் சோதித்தார்கள். (டர்னிடின் அந்த ஏழில் இல்லை.) சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று அவை சொல்லின. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், அப்புறம் ஆங்கிலம் என்று வளர்ந்த நம் பிள்ளைகள் எளிய சொற்களில், அளவான வாக்கியங்களில்தான் எழுதுகிறார்கள். அந்த எளிமையே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது வரைவுகளைத்தான். கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்த நாள் எந்தப் பத்தி சேர்ந்தது என்பது வரலாறாகப் பதிவாகும். கையெழுத்துக் குறிப்புகளையும் தூக்கிப் போடாதீர்கள். பத்து ரிங்கிட்டுக்கு 'செக்' செய்து தருகிறேன் என்று இணையத்தில் சொல்பவரிடம் ஆய்வேட்டைக் கொடுக்காதீர்கள். அது யாருடைய கணக்கில் ஏறுகிறது, களஞ்சியத்தில் தங்குகிறதா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள்மேல் குற்றம் சாட்டினால், எண்ணை மட்டும் காட்டினால் போதாது, முழு அறிக்கையையும் தாருங்கள் என்று கேளுங்கள். எந்த வரி, எந்த மூலம், எதையெல்லாம் நீக்கிவிட்டு ஓட்டினார்கள் என்று கேளுங்கள்.

4 விழுக்காட்டோடு வந்த மாணவர், மொழிபெயர்த்த அந்த இயலை இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். மூல ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு எழுதச் சொன்னேன். முதல் மூன்று பக்கங்களுக்கே ஒரு வாரம் ஆகியிருக்கிறது.