நாய் டயரின் உள்பக்கமாக வந்து கால் தூக்காது

ஒழுகுவது என்ன என்று பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்ததில் இந்த சீசனில் இது மூன்றாவது வண்டி. அதனால்தான் எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கிறேன். மே மாதம் வந்தால் மலை ஏறுவதற்கு முன் காற்றுப் பிடிக்க, பஞ்சர் ஒட்ட என்று வெளியூர் வண்டிகள் வரிசையில் நிற்கும். போன சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. பின்பக்க இடது டயர் பஞ்சர். வீலைக் கழற்றித் திருப்பினால் டயரின் உள்பக்கச் சுவரில் விசிறி விரித்த மாதிரி ஈரம். அதில் தூசி ஒட்டிக் கருத்துப்போய் இருந்தது. வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நாய் ஒண்ணுக்குப் போயிருக்கும்ண்ணா. எங்க தெருவுல அதுங்க தொல்லை ஜாஸ்தி."

நாய் வெளிப்பக்கம் நின்று கால் தூக்கும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு உள்பக்கமாகவா போகும்? விரலால் தொட்டுத் தேய்த்துக் காட்டினேன், வழவழவென்று இருந்தது. பானட்டைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் டப்பாவில் மினிமம் கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. அப்போதுதான் மெல்லச் சொல்கிறார்: "போன மாசம் ஹேண்ட்பிரேக் லைட்டு விடாம எரிஞ்சுதுங்க. ஒரு பாட்டில் வாங்கி ஊத்தினேன், அணைஞ்சிருச்சு."

பிரேக் ஆயில் குறைந்தாலும் அந்த லைட்தான் எரியும். ஊற்றியதும் லைட் அணைந்தது, ஒழுகல் நிற்கவில்லை. பிரேக் ஆயில் எரிந்து தீர்கிற சாமான் இல்லை. பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்கும், அது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. ஊற்றி ஒரே மாதத்தில் மறுபடி இறங்கினால் எங்கேயோ வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். பிரேக் டிரம்மைக் கழற்றி, பிரேக் மிதிக்கும்போது ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைக் கட்டைவிரலால் நெம்பியதும் ஒரு ஸ்பூன் அளவுக்குப் பழுப்பு ஆயில் வழிந்தது. ஷூ லைனிங் இரண்டும் ஊறிப்போயிருந்தன. பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால் இந்த வண்டியில்தான் இரண்டு குழந்தைகளையும் ஒரு பாட்டியையும் வைத்துக்கொண்டு குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் கோத்தகிரி வழியாக இறங்கியிருப்பார்.

நாயாவது பரவாயில்லை, எப்போதாவதுதான் பழி விழும். எனக்கு ரத்தக்கொதிப்பு வரவைப்பது "ஏசி தண்ணிதாங்க" என்கிற வார்த்தை. கீழே எது சொட்டினாலும் ஏசி தண்ணி. பச்சையாக இருந்தாலும் ஏசி தண்ணி. போன வாரம் ஒருவர் ஊட்டியில் இரண்டு நாள் தங்கிவிட்டு இறங்கி வந்தார். காருக்குக் கீழே குட்டை. ஏசி தண்ணி என்றார். "மேலே ஏசி போட்டீங்களா?" என்று கேட்டேன். "அந்தக் குளிர்ல யாருங்க ஏசி போடுவா?" என்று அவரே என்னைத் திருப்பிக் கேட்கிறார்!

சரி, ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். ஏசி ஓடினால்தான் ஏசி தண்ணி வரும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் முன்சீட்டில் இடதுபக்கம் உட்காருபவரின் கால்மாட்டுக்கு நேர் கீழே சொட்டும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, பிசுபிசுப்பு கிடையாது. வெறும் தண்ணீர், வெயிலில் காய்ந்தால் தடமே இருக்காது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் நிறைய சொட்டும், அது நல்லதுதான். சொல்லப்போனால் அங்கே ஏசி போட்டும் சொட்டவில்லை என்றால்தான் பார்க்க வேண்டும். ட்ரெயின் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே கார்ப்பெட்டில் இறங்கியிருக்கும். நிறம், வாசனை, பிசுபிசுப்பு, இதில் ஒன்று இருந்தாலும் அது ஏசி தண்ணி இல்லை. எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியில் தங்கிவிட்டு வந்தவர் வண்டியில் ஒழுகியது கூலன்ட், இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றுவது. பச்சை, ரோஸ், ஆரஞ்சு, நீலம் என்று கம்பெனிக்கு ஒரு நிறம். தித்திப்பான வாசனை வரும். காய்ந்த இடத்தில் ஹோஸ் கிளிப் ஓரம் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். தெருநாய் நக்கினால் செத்துப்போகலாம், குழந்தைக்கும் விஷம். அதை நாக்கில் வைத்துப் பார்க்கிற மெக்கானிக்குகளும் உண்டு. எங்கள் ஆட்களிடமும் சொல்கிறேன், வேண்டாம்.

"மீட்டர்ல சூடு காட்டவே இல்லையே" என்றார் அந்த ஊட்டி வண்டிக்காரர். கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சார் காற்றில் தொங்கும், முள் ஏறாமலே இருக்கலாம். உள்ளே சூட்டில் இன்ஜின் ஹெட் வளைந்துகொண்டிருக்கும். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவினேன், பால் ஊற்றின காபி நிறத்தில் ஆயில் வந்தது, கூலன்ட் அதில் கலந்திருக்கிறது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுகிற பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. நடுக்காட்டில் மாட்டிக்கொண்டு, அடுத்த ஊர்வரை போய்ச் சேர வழி இல்லாதபோது லாரிக்காரர்கள் செய்தது. வாரக்கணக்கில் அதை வைத்து ஓட்டினால் ரேடியேட்டர் டியூபும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். போர் தண்ணி ஊற்றுவதும் அப்படித்தான், உப்புப் படிந்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். கருப்பு, பழுப்பு என்றால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். இப்போது பல வண்டிகளில் கரன்ட் ஸ்டியரிங், அதில் ஆயிலே கிடையாது. பெட்ரோல் கீழே தேங்காது, ஆவியாகிவிடும், வாசனை மட்டும்தான் சாட்சி. வாசனை வந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், எலி ஹோஸைக் கடித்திருக்கலாம்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் உச்சியில் இருக்கிற டேப்பெட் கவரில் கசிந்த ஆயில் இன்ஜின் பிளாக் வழியாக இறங்கி, ஓட்டத்தில் காற்று தள்ளி, கியர்பாக்ஸ் அடியில் வந்து சொட்டும். அதைப் பார்த்துவிட்டு "கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் முதலில் துடைப்போம், சந்தேகப்படுகிற இடத்தில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவுவோம், பத்து நிமிஷம் ஓடவிடுவோம். ஈரம் எங்கே முதலில் கோடு போடுகிறதோ அதுதான் ஊற்று. இன்ஜினுக்குள் சேர்கிற அழுத்தத்தை வெளியே விடுகிற பிரீத்தர் அடைத்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். அதைப் பார்க்காமல் மூன்று தடவை சீல் மாற்றிக்கொண்டு வந்த வண்டியும் பார்த்திருக்கிறேன்.

தயவுசெய்து வாட்டர் சர்வீஸ் விட்டுப் பளபளவென்று கழுவிக்கொண்டு வராதீர்கள். இருந்த தடயமெல்லாம் சாக்கடையில் போன பிறகு நான் எதைப் பார்ப்பது? அதற்குப் பதில் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, நாலு டயரும் எந்தப் பக்கம் என்று பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் அந்த அட்டையை எடுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது. எடுக்க அடியில் நுழைய வேண்டாம், குச்சியால் இழுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், துணி வைத்தும் கூடாது. பிரேக் ஆயில் பாடியில் பட்டால் பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

சனிக்கிழமை வண்டிக்கு இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர், ஷூ மாற்றி, பிரேக் ஏர் எடுத்துக் கொடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு நாள் ரூம் வாடகை போச்சு என்று அவருக்கு வருத்தம். பாட்டி மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வீலின் உள்பக்கம் ஈரமாக இருந்தாலோ, பிரேக் மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, "மெதுவா ஓட்டிட்டு வந்துடறேண்ணா" என்று கிளம்பாதீர்கள். போன் பண்ணுங்கள். நாங்கள் வருகிறோம்.