கையைக் கட்டிக்கொண்டு நடந்தால் வாட்ச் எண்ணாது

அப்பாவுக்கு 73 வயது. மொட்டை மாடியில் அரை மணி நேரம் எட்டு போட்டு நடந்துவிட்டு வந்து, புது ஸ்மார்ட் வாட்சைப் பார்த்தார். 412 காலடிகள். முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் அம்மா அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி ஒரு மூடி தேங்காய் துருவினார். எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது.

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறவர். வாட்சுக்கோ கை அசைவு மட்டுமே தெரியும்.

அதற்குள் முடுக்கமானி என்ற சின்னச் சில்லு இருக்கிறது. மெல்லிய சிலிக்கான் வில்களில் தொங்கும் ஒரு நுண்ணிய எடைதான் அதன் உயிர். பஸ் கிளம்பும்போது நாம் பின்னால் சாய்வோமே, அதுபோல கை அசையும்போது இந்த எடையும் ஒரு கணம் பின்தங்கும். அப்போது எடையோடு ஒட்டிய தகடுகளுக்கும் பக்கத்தில் அசையாமல் நிற்கும் தகடுகளுக்கும் உள்ள இடைவெளி மாறும். கூடவே அந்தத் தகடுகள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவும் (மின்தேக்குத் திறன்) மாறும். மூன்று திசைகளிலும் நொடிக்குப் பல முறை இதை அளந்தால் மேடு பள்ளமாக ஒரு அலைக்கோடு கிடைக்கிறது. மேட்டுக்குப் போதிய உயரம் உண்டா, நடையின் தாளத்தில் வருகிறதா, தொடர்ந்து சில மேடுகள் வந்தனவா என்று பார்த்துத்தான் மென்பொருள் அதை நடை என்று ஒப்புக்கொள்ளும். தேங்காய்த் துருவல் இதில் பாஸ். கை கட்டிய நடை, வாக்கரைப் பிடித்த நடை, சுவரைத் தொட்டபடி மெல்ல வைக்கும் அடி எல்லாம் பெரும்பாலும் ஃபெயில். மெல்ல நடக்கும் முதியவர்களுக்கே கணக்கு தப்புகிறது!

போனிலும் இதே சில்லுதான். அதை வேட்டி மடியில் செருகிக்கொண்டு நடந்தார் அப்பா; இடுப்பு அடிக்கு அடி ஏறி இறங்குவதால் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது.

"பத்தாயிரம் ஆகலையே" என்றார். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற அந்த இலக்கு 1965-இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்ற மான்போ-கெய் என்ற கருவியிலிருந்து வந்தது. பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடி மானி'. சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களை ஹார்வர்ட் ஆய்வாளர் ஐ-மின் லீயின் குழு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டது. நாளுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் பலன் கூடவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் நடக்கிறார்கள் என்பதும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

நாடித்துடிப்பையும் வாட்ச் காட்டும்: பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சும் அளவு துடிப்புக்குத் துடிப்பு மாறுவதைப் படிக்கிறது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடக்கும்போது இதயம் அவ்வளவாக வேகமெடுக்காது. மூச்சு வாங்க நடந்தாலும் 'லேசான உழைப்பு' என்று அது சொல்லக்கூடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது நாற்காலிப் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 நொடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்காரமுடிகிறது என்று எண்ணவேண்டும். 70 முதல் 74 வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே, பெண்களுக்கு 10-க்குக் கீழே போனால் கால் வலு குறைவு, விழும் அபாயம் உண்டு என்று கொள்கிறார்கள்.

அப்பா இதை மாதக் காலண்டரில் பென்சிலால் எழுதிவைக்கிறார். போன மாதம் 9. இந்த வாரம் 11. அந்த நேரத்தில் வாட்சில் ஒரு அடிகூட ஏறவில்லை.