மாரியில் மனம் இறங்குவது ஏன்? வன்னியிலிருந்து சில குறிப்புகள்

ஐப்பசி பிறந்ததும் வட்ஸ்அப்பில் ஒரு வகை வீடியோ சுற்றத் தொடங்கிவிடும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மகள் அனுப்பியிருப்பாள். குளிர்காலம் வந்தால் மனச்சோர்வு வரும், அதற்கென்று ஒரு விளக்கு இருக்கிறது என்று அதில் ஒரு டொக்டர் விளக்குவார். அதைக் காட்டி, "எனக்கும் இதுதானோ பிள்ளை?" என்று கேட்கிற அம்மாமார் எங்கள் உளவளத்துணைப் பிரிவுக்கு வருவதுண்டு. அது இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் மாரியில் அவருக்கு மனம் இறங்குவது உண்மை. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

அந்த வீடியோவில் சொல்வதும் பொய்யில்லை. 1984இல் அமெரிக்காவில் நோர்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் பருவகால மனச்சோர்வை விவரித்து எழுதினார்கள். டிசம்பர் பிற்பகுதியில் ரொறன்ரோவில் பகல் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு, லண்டனில் 8க்கும் குறைவு, ஒஸ்லோவில் 6 கூட இல்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே வீடு திரும்புகிறவர்களின் உடல் மணிக்கூடு குழம்பிப்போகிறது. அளவுக்கு மீறிய நித்திரை, மாச்சாப்பாட்டிலும் இனிப்பிலும் ஆசை, எடை கூடுதல், எதிலும் பிடிப்பில்லாமை. வெயில் திரும்ப வர அது தெளியும். காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன்னால் அரை மணி நேரம் இருப்பது பலருக்கு உதவுகிறது. ஒன்று மட்டும்: பைபோலர், அதாவது மனம் ஒரு காலம் மிக எகிறியும் ஒரு காலம் மிக இறங்கியும் போகிற நோய், உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த விளக்கை வாங்க வேண்டாம், சிலருக்கு மனம் மற்றப் பக்கமாக எகிறிவிடும்.

கிளிநொச்சியில் வருடத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். மழை மூடிக் கிடக்கிற நாளிலும் முற்றத்து வெளிச்சம், டியூப் லைட் போட்ட அறையைவிடப் பல மடங்கு அதிகம். அத்தோடு இங்கே வருகிறவர்கள் சொல்கிற கதையும் வேறு. நித்திரை வருகுதில்லை, சாப்பாடு இறங்குதில்லை, உடம்பெல்லாம் உளைவு, ஒரே யோசனை. என்ன யோசனை என்று கேட்டுக்கொண்டு கொஞ்சம் இருந்தால், கதை வயலுக்கோ கடனுக்கோ போய் நிற்கும்.

காலபோகத்தை, அதாவது மாரி மழையோடு செய்கிற நெல் வேளாண்மையை, எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாதி, ஐப்பசியில் உழவுக்கூலி, விதைநெல், பசளை என்று கழுத்தில் கிடந்ததெல்லாம் அடைவுக்குப் போகும். அறுவடை தை தாண்டித்தான். நடுவில் உள்ள மாதங்களில் மழை பிந்தினாலும் பயம், கூடினாலும் பயம், அறக்கொட்டிப் பூச்சி விழுந்தால் பயம். நாட்கூலிக்குப் போகிறவருக்கு மழையில் வேலை இல்லை. முல்லைத்தீவுக் கரையில் வாடைக் கடல் குழம்பினால் வள்ளமும் இறங்காது. நுண்கடன் கட்டுக்காசு எடுக்க வருகிறவர் மட்டும் மழைக்கு நிற்பதில்லை. மனச்சோர்வு என்று எங்களிடம் அனுப்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு நெஞ்சு படபடப்பும் வாந்தியும் செவ்வாய்க்கிழமைகளில்தான் வந்தது. கடன்காரர் வருகிற நாள் அது. எங்கள் கேள்விப் படிவத்தில் எந்தக் கிழமை என்று கேட்க இடமில்லை. அவருக்கு மருந்தும் தேவைப்பட்டது, தவணையை மாற்றியெழுத உதவி செய்கிற ஒரு ஆளும் தேவைப்பட்டார். இரண்டாவது கிடைத்த பிறகுதான் முதலாவது வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் மழையின் சத்தம். தகரக் கூரையில் பெருமழை விழும்போது பக்கத்தில் இருக்கிறவர் கதைப்பதே கேட்காது. ஐப்பசியில் பின்னேரம் இடி முழங்கினால் போர்க்கால நினைவில் திடுக்கிட்டு எழும்பி, பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடுத்தர வயது அம்மா ஒருவர். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். முதல் பெருமழையோடு அலுமாரியிலிருந்து ஒரு பையை எடுப்பார். அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணிப் பேமிட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இல்லாமல்போன மகனின் பாஸ்போட் சைஸ் படம். எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, பையைக் கதவடியில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி இரவெல்லாம் இருப்பார். வீட்டார் இதை விசர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளத்தை இடம்பெயர்ந்த கொட்டிலுக்குள் பார்த்தவர், அடுத்த மாதங்களில் போர் துரத்த, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஓடியவர். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊருக்குள் தண்ணீர் வந்தபோது அந்தப் பை உண்மையிலேயே உதவியது. பையை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பை கட்டியாயிற்று, இனிப் படுக்கலாம் என்று உடம்புக்குச் சொல்லத்தான் பழகினோம். மூச்சுப் பயிற்சி, படுக்கிற நேரத்தில் ஒரு லாம்பு, மகள் பக்கத்தில் படுப்பது. மெல்ல மெல்லப் படுக்கத் தொடங்கினார்.

வன்னியில் மாரி என்பது திகதிகளின் காலமும்தான். மாவீரர் நாளான கார்த்திகை (நவம்பர்) 27, ஆழிப்பேரலை வந்த டிசம்பர் 26, பிறகு 2009இன் ஒவ்வொரு இடப்பெயர்வும் நடந்த தை, மாசி, பங்குனி. அது போர் முடிந்த வைகாசி (மே) 18 வரை நீளும். நினைவுநாளுக்கு முந்திய கிழமைகளிலேயே உடம்பு அறிந்துகொள்ளும். காரணம் தெரியாத எரிச்சல், தலையிடி, கனவு. பலர் அந்தத் திகதியோடு இதைப் பொருத்திப் பார்ப்பதே இல்லை. பொருத்திக் காட்டினால் "ஓம், போன வருசமும் இப்படித்தான்" என்பார்கள். அதுவே பாதிப் பயத்தைக் குறைக்கும். விளக்கேற்றி அழுவது நோய் இல்லை. அழ விடாமல் "மறந்திட்டு இருங்கோ" என்று சொல்கிற உறவினர்களுக்கு நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன், பேசாமல் பக்கத்தில் இருங்கள் என்று.

கோடையைப் பற்றி ஒரு விசயம் மட்டும், ஏனென்றால் அது ஆபத்தானது. பைபோலருக்குக் கொடுக்கிற லித்தியம் குளிசை எடுப்பவர்கள் கடும் வெயிலில் வேலை செய்து வியர்த்து, தண்ணீர் போதாமல் போனால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடுதல், வயிற்றோட்டம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உப்பைத் திடீரென்று குறைப்பதும் கூடாது.

சரி, வீட்டில் எதைக் கவனிப்பது? மழை விட்டு வெயில் வந்த பிறகும், இரண்டு கிழமையாக நாள் முழுக்க மனம் இறங்கியே இருந்தால், விருப்பமானதிலும் விருப்பம் இல்லாவிட்டால், அது சோம்பல் இல்லை. கசிப்பு குடித்தால் நித்திரை வரும் என்று நம்புகிற ஆண்கள் எங்களிடம் பிந்தித்தான் வருகிறார்கள். அந்த நித்திரை விடியப்புறம் உடைந்துவிடும், மனம் இன்னும் கீழே போகும். சாவைப் பற்றி நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் வெளியே வரும். வயல் மருந்துகளைப் படுக்கிற இடத்தில் வைக்காமல், பூட்டித் திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். இலங்கையில் 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கியதற்கு, கொடிய பீடைகொல்லிகளைத் தடை செய்ததே பெரிய காரணம். கைக்கு எட்டாமல் இருந்தால் அந்த நேரம் கடந்துபோகும். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926, 24 மணி நேரமும் இயங்குகிறது.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு மாரி வேறொரு வழியாகவும் அடிக்கும். பாதை வெட்டுப்பட, கார்த்திகை கிளினிக் தவறும். உடனே ஒன்றும் தெரியாது, "மருந்தில்லாமலே சுகமாத்தானே இருக்கிறன்" என்றுகூடத் தோன்றும். தையிலோ மாசியிலோ நோய் திரும்பும்போது யாரும் அந்தத் தவறிய நாளை நினைப்பதில்லை. ஆகவே ஐப்பசி கிளினிக்கிலேயே, "எங்கட பக்கம் வெள்ளம் வரும், மேலதிகமாகக் கொஞ்ச நாளுக்குத் தர ஏலுமா?" என்று கேளுங்கள். மாத ஊசி போடுகிறவர்கள் திகதி தவறினால் எங்கே போகலாம் என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பாடசாலையில் தங்க நேர்ந்தால், அங்கே வருகிற வைத்தியக் குழுவிடமோ குடும்பநல மிஸ்ஸிடமோ அந்தப் படத்தைக் காட்டினால் என்ன மருந்து, எவ்வளவு என்று அவர்களுக்கு விளங்கும்.