2 எம்பி லைனில் 2 எம்பி ஃபைல் ஒரு நொடியில் போகாதது ஏன்?

சென்னைத் துறைமுகத்தை நம்பி இயங்கும் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு ஆபீஸ்களில் "எங்களுக்கு 2 எம்பி லைன் இருக்கு" என்பது ஒரு காலத்தில் பெருமையான பேச்சு. கப்பல் சரக்கு ஆவணங்களை அனுப்புவதற்கு லீஸ்டு லைன், அதாவது தங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த லைன், வாங்கி வைத்திருப்பார்கள். ஆனால் அந்த லைனில் 2 எம்பி ஃபைல் ஒன்றை அனுப்பினால் எட்டு நொடிக்கு மேல் ஆகும். இதில் கோளாறு எதுவும் இல்லை. லைனை விற்பவர் பிட்டை, அதாவது ஒற்றை 0 அல்லது 1-ஐ, எண்ணுகிறார்; கணினி பைட்டைக் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 'எட்டால் வகு, முடிந்தது' என்று பலர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய தொலைத்தொடர்பில் அது பாதிக் கணக்குதான்.

தட்டச்சு செய்த செய்தியை லைன் வழியே அனுப்பிய பழைய டெலக்ஸிலிருந்து தொடங்கினால் இது நன்றாகப் புரியும். டெலக்ஸ் லைனின் வேகம் 50 பாட். பிரெஞ்சுப் பொறியாளர் எமில் போடோவின் பெயரால் அமைந்த அலகு இது. லைனில் ஒரு நொடிக்கு எத்தனை முறை குறியை மாற்ற முடியும் என்பதை இது சொல்கிறது. டெலக்ஸில் ஓர் எழுத்துக்கு 5 பிட். அதற்கு முன்னால் 'எழுத்து வருகிறது' என்று சொல்ல ஒரு ஸ்டார்ட் பிட், பின்னால் ஒன்றரை பிட் நீளத்துக்கு ஸ்டாப். ஆம், ஒன்றரைதான். அடுத்த எழுத்துக்கு முன் எந்திரம் நின்று தயாராவதற்கான நேரம் அது. ஆக மொத்தம் 7.5. ஒரு பிட்டுக்கு 20 மில்லிநொடி என்றால் ஓர் எழுத்துக்கு 150 மில்லிநொடி, நிமிடத்துக்கு 400 எழுத்து. இரண்டாயிரம் எழுத்துள்ள ஒரு செய்திக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். இங்கே வகுக்க வேண்டிய எண் எட்டும் இல்லை, பத்தும் இல்லை, ஏழரை.

கணினித் தகவலைத் தொலைபேசி லைனில் அனுப்பும் மோடம் வந்ததும் அந்த எண் பத்தாக மாறியது. கணினியின் சீரியல் போர்ட்டில் 8 பிட் எழுத்தோடு ஒரு ஸ்டார்ட், ஒரு ஸ்டாப் சேர்ந்து போகும். அதனால் 9,600 பிட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான். அப்புறம், பாட் வேறு, பிட் வேறு என்று இரண்டும் பிரிந்ததும் இந்தக் காலத்தில்தான். டோல்கேட்டிலிருந்து பாரிமுனைக்கு நிமிடத்துக்கு எத்தனை ஷேர் ஆட்டோ போகிறது என்பது பாட் என்றால், அவற்றில் மொத்தம் எத்தனை பேர் போகிறார்கள் என்பது பிட். வி.22பிஸ் என்ற தரத்தில் வந்த மோடம் நொடிக்கு 600 குறிகளைத்தான் அனுப்பியது. ஒவ்வொரு குறியும் 16 வடிவங்களில் ஒன்றாக இருந்ததால் ஒரு குறிக்கு 4 பிட், ஆக 2,400 பிட். அதை '2400 பாட் மோடம்' என்றே கடைகளில் சொன்னார்கள். அது தவறு. இரண்டும் ஒன்று என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு நான்கு மடங்கு பிசகிவிடும்.

இதுவரை பார்த்ததெல்லாம் எழுத்துக்காக வந்த எண்கள். லீஸ்டு லைனின் எண்கள் பிறந்தது மனிதக் குரலிலிருந்து. ராயபுரத்தில் ஒருவர் போனில் பேசுகிறார் என்று வையுங்கள். அவர் குரலில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை மட்டும் தொலைபேசி எடுத்துக்கொள்கிறது. ஒரு ஒலியைத் திரும்பச் சரியாக உருவாக்க, அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் நொடிக்கு மாதிரி எடுக்க வேண்டும், அதாவது அத்தனை முறை ஒலியை அளந்து குறிக்க வேண்டும். கொஞ்சம் இடம் விட்டு 4,000 என்று வைத்து, நொடிக்கு 8,000 மாதிரி என முடிவானது. மாதிரிக்கு 8 பிட். பெருக்கினால் நொடிக்கு 64,000 பிட், அதாவது 64 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்).

இந்த 64-ஐப் பார்த்ததும் கணினிக்காரர்கள் 65,536 என்று நினைத்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு 'கிலோ' என்பது பல நேரம் 1,024. லைனில் கிலோ என்றால் எப்போதும் ஆயிரம்தான். 64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 8,000 பைட். அதையே 1,024-ஆல் வகுத்துக் காட்டும் கணினித் திரையில் 7.8 என்று வரும்.

இப்போது அந்த '2 எம்பி'க்கு வரலாம். ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் இந்தியாவில் அதன் பெயர் ஈ-ஒன். லைனில் திரும்பத் திரும்பப் போகும் ஒரு கட்டுக்கு ஃபிரேம் என்று பெயர். அதில் 32 டைம்ஸ்லாட் (ஆளுக்கொரு இடம்), ஒவ்வொன்றும் 64 கேபிபிஎஸ், மொத்தம் 2,048 கேபிபிஎஸ். முதல் ஸ்லாட், அதாவது பூஜ்யம் எண் கொண்டது, ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு. குரலுக்குப் பயன்படுத்தினால் 16 எண் கொண்ட ஸ்லாட் சிக்னலிங்குக்கு, அதாவது அழைப்பைத் தொடங்கி முடிக்கும் தகவல்களுக்குப் போய்விடும், 30 பேர் பேசலாம். டேட்டாவுக்கு மட்டும் என்றால் 31 ஸ்லாட் கிடைக்கும், 1,984 கேபிபிஎஸ். எட்டால் வகுத்தால் நொடிக்கு 2,48,000 பைட். 2 எம்பி ஃபைலில் இருப்பது 20,97,152 பைட். இந்த இரண்டையும் வகுத்தால் எட்டரை நொடி வரும். அமெரிக்காவின் டி-ஒன்னில் 24 ஸ்லாட்டும் ஃபிரேமுக்கு ஒரே ஒரு கூடுதல் பிட்டும், அதாவது 193 பிட். அது நொடிக்கு 8,000 முறை போவதால்தான் 1.544 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்ற விசித்திரமான எண்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதற்கு மேல்தான் இருக்கிறது. நான்கு ஈ-ஒன் சேர்ந்தால் 8,192 கேபிபிஎஸ் ஆக வேண்டும். ஆனால் அப்படிச் சேர்ந்த ஈ-டூ லைனின் வேகம் 8,448. நான்கு லைன்களின் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றாக ஓடாது, ஒன்று இம்மி வேகமாகவும் ஒன்று இம்மி மெதுவாகவும் இருக்கும். பின்தங்கும் லைனுக்கு வெற்று பிட்டுகளைத் திணித்துச் சமன்செய்ய, தனியாக இடம் வேண்டும். ஃபிரேமை அடையாளம் காட்டவும் சில பிட்டுகள் போகும். நான்கு ஈ-டூ சேர்ந்த ஈ-த்ரீயின் வேகம் 34,368. அதை 2,048-ஆல் வகுத்து '16.78 லைன்' என்று சொன்னால் பொருளே இல்லை. அதில் இருப்பது 16 ஈ-ஒன்தான்.

அடுத்து வந்த எஸ்.டி.எம்.-1 ஃபைபர் லைனிலும் அப்படித்தான். 9 வரிசை, 270 பத்தி கொண்ட பைட் கட்டம் நொடிக்கு 8,000 முறை போவதால் 155.52 எம்பிபிஎஸ். நேராக வகுத்தால் கிட்டத்தட்ட 76 ஈ-ஒன் வரும். ஆனால் 32 பைட் உள்ள ஒவ்வோர் ஈ-ஒன்னுக்கும் அந்தக் கட்டத்தில் 36 பைட் இடம் ஒதுக்கப்படுகிறது, மேற்பார்வைக்கான பைட்டுகள் வேறு இருக்கின்றன. கடைசியில் அதில் போவது 63.