கவாத்து எதற்கு, மாமா?

கோலாலம்பூரில் இருக்கும் தேசிய நினைவுச் சின்னமான துகு நெகாராவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கொடியேந்திய வெண்கல வீரனைத்தான் படம் எடுக்கிறார்கள். பள்ளிக் கடேட் படையில் இருக்கும் என் அக்காள் மகனும் அவனைத்தான் எடுத்தான். எடுத்த கையோடு கேட்டான்: "மாமா, வெயிலில் மணிக்கணக்காகக் கவாத்து செய்கிறோமே, சண்டையில் யாராவது கைவீசி நடப்பார்களா?"

நியாயமான கேள்வி. (கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து என்றால் செடியை வெட்டிவிடுவது. இரண்டிலும் முதுகு வலிக்கும்.) நான் அந்தச் சிலையிலேயே காயம்பட்ட தோழனைத் தாங்கிப் பிடித்திருக்கும் வீரனைக் காட்டினேன். பதில் அவனிடம்தான் இருக்கிறது.

குண்டு பறக்கும் இடத்தில் மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா முதலில் அலறுகிறது. நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் இறங்குகிறது. இதயம் விரைகிறது, கால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, பார்வை குறுகுகிறது. ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடு. துப்பாக்கியில் சிக்கிய தோட்டாவை எடுப்பதற்கு அல்ல. இன்னொரு சங்கடமும் உண்டு. கணக்குப் போட்டு முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதி இந்த ரசாயன வெள்ளத்தில் தடுமாறுகிறது. மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஐந்து பேரின் கணக்கை மனத்திலேயே கூட்டுகிறவருக்கு அப்போது தன் வீட்டுத் தொலைபேசி எண் கூட நினைவுக்கு வராமல் போகலாம். தைரியம் இதைச் சரிசெய்வதில்லை. தைரியசாலியின் விரலும் நடுங்கும்.

பயிற்சி செய்யும் வேலை வேறு. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதன் பொறுப்பு அந்த முன்பகுதியிலிருந்து மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் காங்கிலியா என்ற நரம்புத் திரள்களுக்குக் கைமாறுகிறது. கார் ஓட்டக் கற்ற முதல் வாரம் கிளட்சும் கியரும் நம்மைப் படுத்திய பாட்டை நினைத்துப் பாருங்கள். இன்று மகள் திருமணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஜாலான் துன் ரசாக்கைக் கடந்துவிடுகிறோம். ஆனால் கை பழகியதைத்தான் செய்யும். தப்பாகப் பழகியிருந்தால் தப்பையும் அதே வேகத்தில் செய்யும். அதனால்தான் நல்ல ராணுவங்கள் சத்தத்திலும் தூக்கமின்மையிலும் பழக்குகின்றன, தடுப்பூசி போல அச்சத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்து.

அமெரிக்க ராணுவத்தில், எதிரியிடம் சிக்கினால் பிழைப்பதற்கான பயிற்சி ஒன்று உண்டு. அதில் போலி விசாரணைக்கு உள்ளானவர்களின் ரத்தத்தைச் சோதித்து 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. நரம்புகளை நிதானப்படுத்தும் நியூரோபெப்டைடு ஒய் சிறப்புப் படையினரிடம் கூடுதலாகச் சுரந்திருந்தது. மறுநாள் அவர்களின் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது. மற்றவர்களிடம் அது வற்றிப்போயிருந்தது. இதைப் பயிற்சியின் பலன் என்று மட்டும் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. அத்தகைய உடல்வாகு உள்ளவர்கள்தான் சிறப்புப் படைக்குத் தேறினார்களோ என்னவோ.

கவாத்துக்கு வருவோம். அடியெடுத்து ஒன்றாக நடந்த மாணவர்கள், பிறகு விளையாடிய ஒரு விளையாட்டில் மற்றவர்களைவிட அதிகம் ஒத்துழைத்தார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்று 2009-இல் காட்டியது. கைவீசி நடப்பது எதிரிக்காக அல்ல, பக்கத்தில் நடப்பவனுக்காக.

அந்தப் பக்கத்து ஆள் எவ்வளவு முக்கியம் என்பதை சோமாலியாவின் தலைநகர் மொகடிஷு காட்டியது. 1993 அக்டோபர் 3 அன்று அந்நகரில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க மலேசிய வீரர்கள் காண்டோர் கவச வண்டிகளை ஓட்டிச் சென்றார்கள். அந்த மீட்பில் நம் படைவீரர் மாட் அஸ்னான் அவாங் உயிரிழந்தார். மீட்பு வருவதற்குள், தொடையின் மேற்பகுதியில் குண்டு பட்ட ஓர் அமெரிக்க வீரர் ரத்தம் நிற்காமலேயே இறந்திருந்தார்.

பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். அதற்குள் மருத்துவ வீரர் எல்லாரிடமும் ஓடிவர முடியாது. அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் படை அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு வீரருக்கும் ரத்தம் நிறுத்தக் கற்றுக்கொடுத்தது. கை கால்களை இறுக்கிக் கட்டும் டூர்னிகெட் பட்டையை எல்லாரும் உடம்பில் ஒரே இடத்தில் வைக்கிறார்கள். அடிபட்டவரின் பட்டையே அவருக்குப் பயன்படும். இருட்டிலும் தோழனின் கை தேடாமல் அதை எடுத்துவிடும். 2001 முதல் 2010 வரை சண்டையில் அடிபட்ட 419 ரேஞ்சர்களில் 32 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே, தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் இறந்தவர் ஒருவரும் இல்லை. மொத்த அமெரிக்கப் படைகளில் 2001 முதல் 2011 வரை அப்படி வழியிலேயே இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பிழைத்திருக்கக்கூடியவர். அவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது ரத்தப்போக்கு.

பயிற்சி மந்திரக்கயிறு அல்ல. அதற்குச் சான்று நம் ஊருக்கு வடக்கே சிலிம் ரிவரில் இருக்கிறது. ஜப்பானியர் மலாயாவில் இறங்குவதற்கு முன்பே கர்னல் இயன் ஸ்டூவர்ட் தம் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவான ஆர்கைல்சைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் பழக்கினார். பின்வாங்கும்போது மற்றவர்களைவிட நன்றாகப் போரிட்ட படை அது. 1942 ஜனவரி 7 அன்று ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு வந்தன. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ஆர்கைல்ஸ் சிதறியது, நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது. சிங்கப்பூர் விழுவதற்கு முன்பு ஸ்டூவர்ட்டை அங்கிருந்து வெளியேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள், காட்டுப் போரை மற்றவர்களுக்குக் கற்பிக்க.